டிராக்டருக்கு சிந்தெடிக் ஆயிலா, சாதா ஆயிலா? ருடால்ஃப் டீசலின் கதையில் இருக்கும் விடை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வந்து, 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் வால்பாறை. எங்கு திரும்பினாலும் தேயிலை. பறித்த பச்சை இலையைச் சாக்கில் கட்டி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டு போவது அங்கே அன்றாடக் காட்சி. ஏற்றத்தில் லோ கியரில் முனகிக்கொண்டே ஏறும். இறக்கத்தில் கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்கும். கீழே சமவெளியில் உழவு ஓட்டும் டிராக்டரைவிட இதற்குப் பாடு அதிகம்.

அந்த வண்டிக்கு ஆயில் மாற்றும் நாள் வந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். வழக்கமான சாதா ஆயிலே போதுமா, இல்லை சிந்தெடிக் ஊத்தணுமா? விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். காசைக் கொடுத்து வாங்கினால் இன்ஜினுக்கு உண்மையிலேயே நல்லதா, இல்லை டின்னில் உள்ள எழுத்துக்குத்தான் அந்த விலையா?

இதற்குப் பதில் வேண்டுமென்றால், அந்த இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள, அதற்குத் தன் பெயரையே விட்டுப்போன மனிதரின் கதைக்குப் போவதுதான் சுலபம். டீசல் என்பது பங்க்கில் போடும் எண்ணெயின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குடும்பப் பெயர்.

அகதியாகப் போன சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ம் தேதி பாரீஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்து விற்றார். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பிரான்ஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் வறுமை. 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டு மாமா கணித ஆசிரியர்.

பையன் அங்கே பிடித்துக்கொண்டான். இன்ஜினீயர் ஆகப் போகிறேன் என்று 14 வயதில் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. டைஃபாய்டு வந்து ஒரு தேர்வைத் தவறவிட்டு, 1880-ல் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் படிப்பை முடித்தார்.

அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதனத் துறையின் முன்னோடி. அக்காலத்து நீராவி இன்ஜின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாக வேலையாக மாற்றுவதில்லை, மீதி எல்லாம் வீண் என்று அவர் வகுப்பில் விளக்கினார். அந்த வீணடிப்பு ருடால்ஃபின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பிறகு பத்து வருடங்களுக்கு மேல் அது இறங்கவே இல்லை.

சைக்கிள் பம்ப் சொல்லும் ரகசியம்

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் நிறுவனத்திலேயே வேலை. பாரீஸில் ஐஸ் ஃபேக்டரி நிர்வாகம். 1883-ல் திருமணம். வேலை நேரம் போக மீதி நேரத்தில், நீராவிக்குப் பதில் அம்மோனியாவில் ஓடும் இன்ஜினைச் செய்து பார்த்தார். சோதனையில் அது வெடித்தது. உயிர் பிழைத்ததே பெரிது. மாதக்கணக்கில் மருத்துவமனை வாசம். கண்ணிலும் உடம்பிலும் அதன் பாதிப்பு தொடர்ந்தது.

அதன் பிறகுதான் வேறொரு யோசனை வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். தென்கிழக்கு ஆசியாவில், மலாயா பக்கமெல்லாம், இந்த முறையிலேயே நெருப்பு மூட்டும் ஒரு சிறு குழல் பல காலமாகப் புழக்கத்தில் இருந்தது. குழலுக்குள் பஞ்சை வைத்து ஒரே குத்தாக அழுத்தினால் பஞ்சு பற்றிக்கொள்ளும். மாணவனாக இருந்தபோது அப்படிப்பட்ட கருவி ஒன்றைப் பார்த்ததுதான் ருடால்ஃபுக்குப் பொறி தட்டிய இடம் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது.

எப்படியோ, அவரது யோசனை இதுதான். சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுக்க வேண்டும். அதைக் கடுமையாக அழுத்த வேண்டும். எரிபொருள் தானாகப் பற்றும் அளவுக்குக் காற்று சூடானதும் எரிபொருளை உள்ளே விட வேண்டும். தீப்பொறி தேவையே இல்லை. எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு குறைவாக எரிபொருள் வீணாகும். இன்றைய டிராக்டரில் காற்று சுமார் 17 மடங்கு சுருக்கப்படுகிறது. அந்த நொடியில் உள்ளே 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு.

1892-ல் விண்ணப்பித்து, 1893 பிப்ரவரியில் ஜெர்மன் காப்புரிமை வாங்கினார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் பணம் போட்டன. முதலில் அவர் நினைத்திருந்த எரிபொருளில் ஒன்று நிலக்கரித் தூள். இன்ஜின் மெக்கானிக் யாரிடமாவது இதைச் சொன்னால் தலையில் கை வைத்துக்கொள்வார். கரித்தூளும் ஆயிலும் சேர்ந்தால் சிலிண்டர் சுவரில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

1893 ஆகஸ்ட் 10-ம் தேதி முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் பற்றிக்கொண்டது. அழுத்தம் 80 வளிமண்டல அளவுக்கு எகிறி, அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது. நல்லவேளையாகப் பெரிய காயம் இல்லை. ஆனாலும் அவருக்குச் சந்தோஷம். தீப்பொறி இல்லாமல் பற்றும் என்று நிரூபணம் ஆகிவிட்டதே. 1894 பிப்ரவரி 17-ம் தேதி இன்ஜின் தன் பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 88 சுற்று.

இன்னும் மூன்று வருடம் போனது. 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை இன்ஜின் வேலையாக மாற்றியது. அன்றைக்கு வேறெந்த இன்ஜினும் இந்த எண்ணை நெருங்கவில்லை. உரிமம் வாங்க நாடு நாடாக வரிசை கட்டினார்கள். அமெரிக்க உரிமைக்கு மட்டும், செயின்ட் லூயிஸில் பீர் தொழில் நடத்திய அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்தார். 40 வயதுக்குள் கோடீஸ்வரர்.

ஆய்வுக்கூடத்தில் ஓடியது, ஃபேக்டரியில் நின்றது

வெற்றிக் கதைகள் பொதுவாக இந்த இடத்தோடு முடிந்துவிடும். ருடால்ஃபின் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஒரு டீசல் இன்ஜின் போனது. வாடிக்கையாளரிடம் போய் வேலைக்கு நின்ற முதல் இன்ஜின்களில் ஒன்று. அது பல தொந்தரவுகள் கொடுத்தது. மற்ற இடங்களுக்கு விற்றவற்றிலும் இதே கதைதான். ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரில் தொடங்கிய டீசல் இன்ஜின் தொழிற்சாலை சில வருடங்களிலேயே உற்பத்தியை நிறுத்தியது. காப்புரிமை வழக்குகள் வேறு. 1898 இலையுதிர் காலத்தில் நரம்புத் தளர்ச்சியில் விழுந்து மியூனிக் அருகே ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர வேண்டியதாயிற்று.

ஏன் நின்றது? பேராசிரியர் முன்னால் ஓடும்போது பக்கத்திலேயே கண்டுபிடித்தவரும் கைதேர்ந்த ஃபிட்டர்களும் நின்றார்கள். ஃபேக்டரியில் அப்படி இல்லை. அதிக அழுத்தம், அதிக சூடு, நாள் முழுக்க ஓட்டம். அதைத் தாங்கும் வால்வு, பிஸ்டன் ரிங், சீல், துல்லியமான கடைசல் எதுவும் அன்று சுலபத்தில் கிடைக்கவில்லை. அன்றைய மசகு எண்ணெயில் இன்றுள்ளதுபோல வேதிச் சேர்க்கைகளும் கிடையாது. நீராவி இன்ஜின் காலத்துப் பழக்கத்தில் ஊற்றிய எண்ணெயை, 500 டிகிரிக்கு மேல் சூடாகும் சிலிண்டருக்குள் விட்டால் என்ன ஆகும்?

முறுக்கு சுட்ட வாணலியின் விளிம்பைப் பார்த்தால் புரியும். திரும்பத் திரும்பச் சூடான எண்ணெய் பழுப்பாகி, பிசினாகி, கடைசியில் சுரண்டினாலும் வராது. இன்ஜின் ஆயிலுக்கும் சூட்டில் இதுவே நடக்கிறது. கெட்டியாகும், பிசின் படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும்.

டீசலில் இன்னொரு சங்கதி உண்டு. எரிபொருள் சூடான காற்றில் பீய்ச்சப்பட்ட நொடியிலேயே எரிவதால், காற்றோடு சரியாகக் கலக்காத இடத்தில் கரி உண்டாகும். அதில் கொஞ்சம் ரிங் வழியாகக் கசிந்து ஆயிலில் இறங்கும். புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துப்போவது இதனால்தான். ஆயில் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. கரியைப் படிய விடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொண்டு அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கறுக்காத ஆயில்தான் சந்தேகத்துக்குரியது.

ருடால்ஃப் கண்டுபிடித்த முறையின் பெருமை அழுத்தமும் சூடும். அதன் தொல்லையும் அதுவே. ஆயில் டின்னைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்.

கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

இன்ஜின் மெல்ல மெல்லத் திருந்தியது. 1900 பாரீஸ் உலகக் கண்காட்சியில் டீசல் இன்ஜினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அதே கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்த ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை நிறைய விளைகிறது, அங்கேயே எரிபொருள் கிடைத்தால் நல்லது என்பது பிரெஞ்சு அரசின் கணக்கு. பார்த்தவர்களில் மிகச் சிலருக்கே அது கடலை எண்ணெய் என்று தெரிந்ததாம். 1912-ல், தாவர எண்ணெய்க்கு ஒருநாள் பெரிய மதிப்பு வரும் என்று ருடால்ஃப் பேசினார். பொள்ளாச்சி பக்கம் கடலை போடுகிறவர்களுக்கு இது பிடிக்கும்.

ஆனால் எரிக்கும் எண்ணெய் வேறு, மசகு எண்ணெய் வேறு. விளக்கெண்ணெய்கூட ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கும் விமானங்களுக்கும் மசகாக இருந்தது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். வழுக்குவதில் கெட்டி, சூட்டில் பிசினாவதில் அதைவிடக் கெட்டி. அதனால்தான் ஓரம் கட்டப்பட்டது.

ஆளில்லாத படுக்கை

இன்ஜின் தேறியபோது அதன் சொந்தக்காரர் சரிந்துகொண்டிருந்தார். மியூனிக்கில் அரண்மனை போன்ற வீடு. எண்ணெய்க் கிணறுகளிலும் மனைகளிலும் போட்ட பணம் போனது. தலைவலி, தூக்கமின்மை. 1912-ல் செலாண்டியா என்ற டீசல் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போய் உலகத்தை வாய் பிளக்க வைத்தது. அவர் பெயர் எல்லாக் கடலிலும் ஓடியது. வீட்டுக் கணக்கில் கடன்.

1913 செப்டம்பர் 29-ம் தேதி மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு நிறுவனக் கூட்டம். இரவு 10 மணி வாக்கில், காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் கப்பல் தளத்தில் கைப்பிடி ஓரம் ஒழுங்காக இருந்தன. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைப் பார்த்தது. சட்டைப் பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரை டப்பா, பர்ஸ், பேனாக் கத்தி, மூக்குக் கண்ணாடிக் கூடு. மகன் ஆய்கன் அவற்றை அப்பாவுடையவை என்று அடையாளம் சொன்னார்.

அவர் கிளம்பும் முன் மனைவியிடம் கொடுத்த பையை, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே 2 லட்சம் மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் அநேகமாகக் காலி என்று காட்டும் காகிதங்களும். டைரியில் அந்தத் தேதிக்கு ஒரு சிலுவைக் குறி. எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள், உளவாளிகள் கொன்றார்கள் என்று கதைகள் இன்றும் யூடியூபில் ஓடுகின்றன. ஆதாரம் எதற்கும் இல்லை. பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் தற்கொலை என்ற பக்கமே சாய்கிறார்கள்.

அவர் டீசல் டிராக்டரைப் பார்க்கவே இல்லை. அவர் காலத்து இன்ஜின்களுக்கு எரிபொருளை உள்ளே தள்ளவே தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டும். வண்டியில் வைக்க முடியாத பாரம். ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கியபோது உலகத்தில் எங்கேயும் டீசல் பஸ் கிடையாது. ஜெர்மனியின் பென்ஸ் - செண்ட்லிங் டீசல் டிராக்டர் 1920-களின் தொடக்கத்தில்தான் வந்தது. 1927-ல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்ப்பைப் பெருமளவில் தயாரித்த பிறகு, டீசல் வண்டிக்கு இறங்கியது. கொங்குத் தோட்டங்களில் கிணற்றடிக்கு வந்த ஆயில் இன்ஜினும் அந்த வழியில் வந்ததே.

சரி, எதை ஊத்தறது?

ருடால்ஃப் இறந்த அதே 1913-ல், இன்னொரு ஜெர்மன்காரர் ஃபிரீட்ரிக் பெர்கியஸ் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1931-ல் நோபல் பரிசு. வேண்டிய எண்ணெயை வேதியியலால் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில்தான் வேரூன்றியது.

சாதா ஆயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சலிக்காத அரிசி மாதிரி, சிறிதும் பெரிதுமான மூலக்கூறுகள் கலந்திருக்கும். சூட்டில் சிறியவை ஆவியாகும், பெரியவை கெட்டிப்படும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே சைஸ். அதனால் குளிரில் உறையாமல் ஓடும், சூட்டில் பிசினாகாமல் தாங்கும். ஒரு சின்ன நெருடல்: இன்று சிந்தெடிக் என்று விற்பதில் கணிசமானது, அதே கச்சா எண்ணெயை இன்னும் கடுமையாகப் பதப்படுத்தியதுதான். அப்படி அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகள் மோதி, 1999-ல் அழைக்கலாம் என்று முடிவானது.

டின்னில் 15டபிள்யூ-40 என்று இருந்தால், பின்னால் உள்ள 40 என்பது இன்ஜின் சூடான பிறகு உள்ள கெட்டித்தன்மை. முன்னால் உள்ள 15டபிள்யூ குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது எப்படி என்பது. சிந்தெடிக் பெரும்பாலும் 5டபிள்யூ-40 ஆக வரும். இரண்டும் ஏற்றத்தில் சூடாக ஓடும்போது ஒரே 40 வகுப்புதான். வித்தியாசம் குளிரில். 15டபிள்யூ மைனஸ் 20 டிகிரி வரை ஸ்டார்ட்டிங்கைத் தாங்கும் என்று கணக்கு. மார்கழிக் குளிரில் வால்பாறை எவ்வளவு நடுங்கினாலும் அந்தப் பக்கம் போகவே போகாது. ஆக, குளிருக்காக சிந்தெடிக் என்ற வாதம் காஷ்மீருக்குப் பொருந்தலாம், வால்பாறைக்குப் பொருந்தாது.

சூட்டுக்காக என்றால் யோசிக்கலாம். டிரெய்லர் நிறைய லோடோடு மலையில் நாள் முழுக்க ஏறும் வண்டி, டர்போ இருக்கும் வண்டி என்றால் சிந்தெடிக்கின் தாங்குசக்தி பயன்படும். மற்றபடி, டின்னின் பெயரைவிட ஏபிஐ தரக் குறியீடு முக்கியம். பழைய டிராக்டருக்கு மேனுவல் சிஐ-4 கேட்டால், நல்ல கம்பெனியின் சாதா சிஐ-4 ஆயிலே அதற்குப் போதும். தரம் குறைந்த குறியீட்டில் சிந்தெடிக் வாங்குவது வீண். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசு விதி வந்திருக்கிறது. புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள அந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான சிகே-4 போன்ற ஆயில் வேண்டும். அங்கே பழைய ஆயிலை ஊற்றினால் ஃபில்டர் அடைபடும், வாரன்டியும் கேள்விக்குறி. அந்த வண்டியில் பேரம் பேசாமல் மேனுவல் சொல்வதைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

சிந்தெடிக் போட்டாச்சு, 250 மணி நேரத்தில் மாற்ற வேண்டியதை 500-க்குத் தள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. கரி எந்த ஆயிலுக்கும் ஒரே அளவில்தான் இறங்குகிறது. அதைச் சுமக்கும் சேர்க்கைகளும் தீர்ந்துபோகும். தயாரிப்பாளர் நீட்டிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய நீட்டக் கூடாது. பழைய சீல் உள்ள வண்டியில் திடீரென்று சிந்தெடிக்குக்கு மாறினால், அதுவரை பிசின் அடைத்து வைத்திருந்த கசிவு வெளியே தெரிய ஆரம்பிப்பதும் உண்டு. பிரேக், ஹைட்ராலிக் பக்கத்துக்கு வேறு ஆயில். மிச்சமிருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை அங்கே ஊற்றுவது தப்பு.

வால்பாறைக்கென்று ஒரு தனிச் சங்கதி மழை. பக்கத்துச் சின்னக்கல்லார், தென்னிந்தியாவிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஈரக்காற்றில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டுவது என்றால் இன்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே வியர்த்த தண்ணீர் ஆவியாகாமல் ஆயிலில் தங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. ஹவர் மீட்டர் 250-ஐத் தொடவே இல்லை என்றாலும், அப்படி ஓடும் வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்த கையோடு, ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். சிந்தெடிக்குக்கும் இதே கணக்குதான்.